சுற்ற முடியாத டிரம், சுற்ற மறுக்கும் டிரம்

துவைத்து, அலசி, பிழிகிற கட்டம் வந்ததும் அசையாமல் நின்றுவிடுகிற வாஷிங் மெஷினுக்கு நம் ஊர்களில் இரண்டே தீர்ப்புகள்தான்: மோட்டார் போச்சு, அல்லது போர்டு போச்சு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஷெட்டில் பிரஸ் இறங்காமல் நின்றால் அங்குள்ள ஃபிட்டர் மோட்டாரைக் கழற்ற ஓடமாட்டார். காப்புக் கதவு மூடியிருக்கிறதா, லிமிட் சுவிட்ச் அழுந்துகிறதா என்றுதான் பார்ப்பார். ஆபத்து என்று தோன்றினால் தானே நின்றுகொள்ளும்படி அந்த எந்திரம் அமைக்கப்பட்டிருப்பது அவருக்குத் தெரியும். அதே மனிதர் மாலையில் வாடகை வீட்டுக்குத் திரும்பி, தன் மெஷின் பிழியவில்லை என்றதும் புது மோட்டாருக்கு விலை கேட்கிறார். வீட்டு மெஷினும் அதே இனம்தான் என்பது என் வாதம். அது சுற்றவில்லையென்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அதனால் முடியவில்லையா, அல்லது அது மறுக்கிறதா என்பதே.

மறுப்பதற்கு அதற்கு நல்ல காரணம் உண்டு. அரை மீட்டர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 700 சுற்று சுற்றும்போது, அதன் விளிம்பில் இருக்கும் துணியின் மேல் புவியீர்ப்பைப் போல 130 மடங்குக்கு மேற்பட்ட விசை வெளிநோக்கி இழுக்கிறது. ஈரத்துணி ஒரு கிலோ மட்டும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால், 130 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு நொடிக்குப் பன்னிரண்டு முறை திசை மாறி மாறி உடலைக் குலுக்கும். அதனால்தான் மூடி திறந்திருந்தாலும், உள்ளே தண்ணீர் நின்றாலும், சுமை ஒரு பக்கம் சாய்ந்தாலும் பிழிகிற கட்டத்துக்குப் போகாதபடி மெஷினை அமைக்கிறார்கள். ஒரு கனமான போர்வையை மட்டும் போட்டுவிட்டு, அது சுற்றவில்லை என்று குறைபட்டுக்கொள்வதில் நியாயமில்லை.

மேலிருந்து துணி போடும் ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷினில் இந்த வாதத்துக்கு வலுவான சான்று இருக்கிறது. துவைப்பதும் பிழிவதும் ஒரே மோட்டார்தான். அது ஒழுங்காகத் துவைத்திருந்தால் மோட்டாரின் மேல் இருக்கும் சந்தேகம் பெரும்பாலும் அங்கேயே விலகிவிடுகிறது. அதோடு சேர்ந்த கெப்பாசிட்டரின் மேல் இருப்பதும் அப்படித்தான். மிஞ்சுவது துவைப்புக்கும் பிழிவுக்கும் இடையில் மாறுகிற பாகங்கள். இவ்வகை மெஷின்கள் பலவற்றில் ஒரே சின்ன டிரெயின் மோட்டார்தான் வால்வைத் திறந்து தண்ணீரையும் விடுகிறது, கிளட்சையும் பிழிவுக்கு மாற்றுகிறது. எனவே தண்ணீரும் போகவில்லை, டிரம்மும் சுற்றவில்லை என்றால் அவை இரண்டு நோய்கள் அல்ல. அதற்கும் முன்னால் தரையைப் பார்க்க வேண்டும். பம்ப் இல்லாத மெஷினில் தண்ணீர் தன் எடையால்தான் வெளியேறுகிறது. லைன் வீடுகளில் டிரெயின் பைப்பை வாசற்படிக்கு மேலாகத் தூக்கி வெளியே விட்டிருந்தால், எந்தப் பாகத்தை மாற்றினாலும் அந்தத் தண்ணீர் மேடேறாது.

இந்த வட்டாரத்துத் தண்ணீருக்கும் இதில் பங்குண்டு. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது 1960களின் இறுதியிலேயே ஆய்வுகளில் பதிவானது. அப்படி உப்பேறிய நிலத்தடி நீர் கடின நீராகிறது; கடின நீரில் உள்ள கால்சியமும் சோப்பும் சேர்ந்தால் கரையாத கசடு உருவாகிறது. டிரம்முக்குள் எவ்வளவு தண்ணீர் என்பதை மெஷின் அறிவது, அடியிலிருந்து மேலேறும் ஒரு மெல்லிய காற்றுக்குழாயின் அழுத்தத்தால். அந்தக் குழாயின் வாயைக் கசடு அடைத்தால் உள்ளே பழைய அழுத்தம் அப்படியே தங்கிவிடும். டிரம் காலியாக இருக்கும். மெஷினோ இன்னும் தண்ணீர் இருப்பதாக நம்பி நிற்கும். அந்தக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தால் தீருகிற பிணிக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போர்டு மாற்றுவது எந்தக் கணக்கிலும் சேராது.

போர்டை மாற்றியதும் ஓடியதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. போர்டை மாற்றும்போது மெக்கானிக் மின்சாரத்தைத் துண்டிக்கிறார், கனெக்டர்களைப் பிடுங்கித் திரும்பச் செருகுகிறார், வயர்களை அசைக்கிறார். உப்புக் காற்றில் களிம்பேறிய ஒரு பின்னுக்கு அதுவே வைத்தியமாகிவிடலாம். பழைய போர்டையே ஒருமுறை திரும்பப் பொருத்திப் பார்த்தால்தான் எது குணப்படுத்தியது என்று தெரியும். அதைச் செய்துகாட்டுங்கள் என்று கேட்கிற வாடிக்கையாளர் குறைவு. திரையில்தான் பழுதின் குறியீடு வந்துவிடுகிறதே என்பது இன்னொரு வாதம். வருகிறது, உதவுகிறது. எல்ஜி மெஷினில் ‘ஓஇ’ வந்தால் தண்ணீர் வெளியேறவில்லை, ‘யுஇ’ வந்தால் சுமை சரிசமமாக இல்லை, ‘டிஇ’ வந்தால் மூடி. ஆனால் இவை எல்லாமே மெஷின் எதற்காக மறுக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன. எந்தப் பாகம் செத்தது என்று சொல்லவில்லை.

தொழிலாளர் அறைகளில் புழங்குகிற செமி ஆட்டோமேட்டிக்கில் திரையும் இல்லை, குறியீடும் இல்லை, காதுதான் கருவி. அங்கே துவைக்க ஒரு மோட்டார், பிழிய ஒரு மோட்டார். ஆகவே துவைப்பு நன்றாக நடந்தது என்பது டிரையர் மோட்டாருக்கு நற்சான்று ஆகாது. டைமரைத் திருகியதும் சத்தமே இல்லையென்றால் மூடி சுவிட்ச், டைமர், வயர் என்று தேட வேண்டும். ‘ம்ம்’ என்று முனகிவிட்டு நின்றால் மின்சாரம் மோட்டார் வரை வந்துவிட்டது. அப்போது பிரேக் விடவில்லை, அல்லது கெப்பாசிட்டர் தளர்ந்துவிட்டது, அல்லது ஒரு சாக்ஸ் டிரம்முக்குக் கீழே நழுவிச் சிக்கியிருக்கிறது. மாலை நேரத்தில் மட்டும் முனகுகிறதென்றால் வோல்டேஜையும் அளக்கச் சொல்லலாம். இவ்வகை மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்பக் குறையும். 230 வோல்ட் 180 ஆனால் விசை ஐந்தில் மூன்று பங்குதான்.

நீங்களே பழுது பாருங்கள் என்று நான் தூண்டுவதாக நினைக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர் மின்னூட்டத்தைப் பிடித்துவைத்திருக்கும். பின்தகட்டைக் கழற்றுவது தெரிந்தவர் வேலை. தண்ணீர், பைப், மூடி, சுமை, சத்தம் ஆகியவற்றைப் பார்க்க ஸ்குரூ டிரைவர் வேண்டாம். மெய்யாகவே முடியாத மெஷின்களும் உண்டு. நீர்ச்சீல் கசிந்து பேரிங் துருப்பிடித்தது, உப்பு நீரில் டிரம்மைத் தாங்கும் அலுமினியக் கை அரித்து முறிந்தது போன்றவை இந்தக் கரையோரத்தில் அரிதல்ல. அவை பெரும்பாலும் பல வாரம் முன்பே இரைச்சலாகவும் ஆட்டமாகவும் அறிவிப்புக் கொடுத்துவிடுகின்றன. நேற்று வரை அமைதியாகச் சுற்றிவிட்டு இன்று திடீரென்று நின்ற மெஷினுக்கு வருகிற மெக்கானிக்கிடம், தண்ணீர் வடிந்ததா என்று பார்த்தீர்களா என முதலில் கேளுங்கள். அவர் அதைப் பார்க்காமலே போர்டுக்கு விலை சொன்னால், இன்னொருவரைக் கூப்பிடுவது மலிவு.