பழஞ்சேலையில் அகப்பட்ட கொள்ளைநோய்

கொள்ளைநோய்களுள் எம் முன்னோரைப் பெரிதும் நடுங்கவைத்தது வாந்திபேதியாகும். காலையில் நலமாயிருந்தவரை மாலைக்குள் மாய்த்துவிடும் கொடுமை அதற்குண்டு. 1884ஆம் ஆண்டில் றொபேட் கொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவிலே அதன் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினார். கிருமி அகப்பட்டது, ஆயினும் ஒரு வினா எஞ்சி நின்றது. ஊரை வாட்டிய நோய் அடங்கியபின் அக்கிருமி எங்கே ஒளிந்துகொள்கிறது? மறுபருவத்தில் எங்கிருந்து மீண்டு வருகிறது?

மனிதரின் குடலன்றி அதற்கு வேறு வீடில்லை என்றே நெடுங்காலம் எண்ணினர். 1970களில் அமெரிக்காவிலுள்ள செசப்பீக் விரிகுடாவின் நீரில், வாந்திபேதி பரவாத காலத்திலேயே, றீற்றா கொல்வெல் அம்மையாரின் குழுவினர் அக்கிருமியைக் கண்டனர். ஆகவே, நீரே அதன் பிறப்பிடம் என்னும் கருத்து வலுப்பெற்றது.

ஆறு கடலோடு கலக்கும் இடத்தைக் கழிமுகம் என்கிறோம். அங்கே நன்னீரும் உவர்நீரும் கலந்திருக்கும். கங்கையும் பிரமபுத்திராவும் வங்காள விரிகுடாவிற் கலக்கும் கழிமுகம் உலகப் புகழ்பெற்றது. அந்நீரில் ஒரு கையளவை அள்ளி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பாருங்கள்! நீரோடு மிதந்து திரியும் சின்னஞ்சிறு விலங்குகள் பல தோன்றும். அவற்றுள் கொப்பிப்பொட் என்பது இறாலுக்கும் நண்டுக்கும் உறவினம். இறாலின் ஓட்டில் உள்ள கைற்றின் என்னும் பொருளே இதன் ஓட்டிலும் உண்டு. வாந்திபேதிக் கிருமியோ கைற்றினைக் கரைத்து உணவாக்கும் நொதியத்தைச் சுரக்க வல்லது. எனவே அது அவ்வோட்டிலே ஒட்டிக்கொண்டு, வீடும் உணவும் ஒருங்கே பெற்று வாழ்கிறது. அன்வர் ஹக் முதலிய ஆய்வாளர் இவ்வுறவை 1983இல் எடுத்துக்காட்டினர். ஒரு கொப்பிப்பொட்டில் பத்தாயிரம் கிருமிகள் வரை குடியிருக்கலாம். காலம் ஒவ்வாதபோது கிருமி உறங்குநிலையில் கிடக்கும். ஆய்வுகூடத்தில் வளராது, ஆனால் இறந்துபோவதுமில்லை.

கடல்நீர் வெப்பமடைந்து, பச்சைப் பாசியினங்கள் செழிக்கும்போது, அவற்றை உண்டு கொப்பிப்பொட்டுகளும் பெருகுகின்றன. அவற்றோடு கிருமிகளும் பெருகுகின்றன. வங்காளதேசத்தில் மாரிக்கு முன்னும் பின்னுமாக ஆண்டுக்கு இருமுறை நோய் தலைகாட்டுவதற்கு இது ஒரு காரணமாகும்.

குளத்து நீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் தொல்லையில்லை. ஆனால் விறகுக்கே வழியற்ற ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? தனியே மிதக்கும் கிருமி துணியில் அகப்படாத அளவுக்கு நுண்ணியது. அதைச் சுமக்கும் கொப்பிப்பொட்டோ அத்துணை சிறியதன்று. சுமப்பதைப் பிடித்தால், ஏறியிருப்பதும் அகப்படுமன்றோ? பலமுறை தோய்த்த பழைய பருத்திச் சேலையின் இழைகள் தளர்ந்து விரிவதால் துவாரங்கள் சிறுத்துவிடும். அதை நான்காக மடித்து நீரை வடித்தபோது, மிதவுயிர்களில் ஒட்டிய கிருமிகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தங்கிவிட்டமை ஆய்வுகூடத்திலே தெரியவந்தது.

பின்பு வங்காளதேசத்து மற்லாப் பகுதியில் 65 கிராமங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 1,33,000 மக்களிடையே இம்முறை சோதிக்கப்பட்டது. குடத்தின் வாயிலே சேலையைக் கட்டி நீர் மொள்ளவும், பின் துணியை அலசி வெயிலில் உலர்த்தவும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. சேலையால் வடித்த கிராமங்களில் வாந்திபேதி 48 வீதம் குறைந்தது. இவ்வாய்வு 2003இல் வெளியாயிற்று. ஐந்தாண்டுகளுக்குப் பின் சென்று பார்த்தபோதும், கற்றவருள் ஏறக்குறைய மூவருள் ஒருவர் வடித்தலைக் கைவிடாதிருந்தனர்.

வடித்தல் கொதிக்கவைத்தலுக்கு ஈடாகாது. விறகுள்ள வீட்டில் நீரைக் கொதிக்கவைத்தே குடித்தல் வேண்டும். ஆயினும், வேறு வழியில்லாத வீட்டிலே பாதி நோயைத் தடுப்பதும் சிறுகாரியமன்று. கழிமுகத்துச் சிற்றுயிர் ஒன்றின் வாழ்க்கையை அறிஞர் பொறுமையோடு ஆராய்ந்தமையாலன்றோ ஏழைத்தாயின் கையிலிருந்த கந்தற் சேலை அவள் பிள்ளைகளுக்குக் காவலாயிற்று!