அடிபட்ட மோட்டார் சைக்கிளில் முதல் போடுமுன்

விபத்தில் அடிபட்ட மோட்டார் சைக்கிளை மலிவாக வாங்கித் திருத்தி விற்பது நம் சகோதரர்கள் பலர் செய்யும் தொழில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிக்கு நல்ல விலை கிடைத்தது. 2025இல் இறக்குமதி மீண்டும் ஆரம்பித்துவிட்டது. எனவே வாங்கும்போதே கணக்குச் சரியாக இருக்க வேண்டும்.

விளக்கு, டேங்க், சைலன்சர் எல்லாம் காசு கொடுத்தால் மாற்றலாம். விட்டுக்கொடுக்க முடியாதவை இரண்டு: செஸியும் பதிவுப் புத்தகமும். ஹேண்டில் பொருந்தும் கழுத்தில் வெடிப்போ புது வெல்டிங்கோ தெரிந்தால் வாங்காதீர்கள். ஓடுபவரின் உயிர் அதில்தான் இருக்கிறது. எஞ்சின், செஸி இலக்கங்களைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். லீசிங் கம்பனி உரிமையாளராகப் பதிவாகியிருந்தால், அது நீக்கப்படும்வரை காசு கொடுக்காதீர்கள்.

நான் கணக்கை விற்கும் விலையிலிருந்து தொடங்குவேன். திருத்தியபின் 3 இலட்சம் ரூபாவுக்கு விற்கலாம் என்று வைத்துக்கொள்வோம். உதிரிப்பாகம் 90,000, கராஜ் கூலி 25,000, பெயர் மாற்றம் முதலியவை 10,000, எதிர்பாராத செலவுக்கு 20,000, இலாபம் 35,000. மிஞ்சுவது 120,000 ரூபா. அதற்குமேல் ஒரு சதமும் கொடுக்கமாட்டேன்.

விற்கும்போது அடிபட்ட வண்டி என்பதைச் சொல்லி, மாற்றிய பாகங்களின் பற்றுச்சீட்டைக் காட்டுங்கள். விலை சற்றுக் குறையலாம்; ஆனால் வாங்கியவர் அடுத்த வண்டிக்கும் உங்களிடமே வருவார்.