சின்ன நாய், சின்ன வேலை அல்ல

அடுக்குமாடி வீட்டுக்குப் பொமரேனியன்தான் தோது என்று வாங்கிப்போகிறவர்கள் பலர். இடத்தை அடைக்காது, தீனி குறைவு, மடியில் தூக்கி வைத்துக்கொள்ளலாம். மூன்றும் உண்மைதான். அதனால் கவனிப்பும் குறைவாகவே போதும் என்று முடிவு கட்டுவதுதான் தவறு. இந்த நாயின் உடல் சிறுத்தபோது உறுப்புகள் எல்லாம் ஒரே அளவில் சிறுக்கவில்லை. நாய்க்குரிய குணமோ சிறுக்கவே இல்லை. பெரிய நாய் தாங்கிக்கொள்ளும் அலட்சியத்தை இதனால் தாங்க முடியாது.

பனிநாடுகளில் வண்டி இழுத்த ஸ்பிட்ஸ் நாய்களின் வழிவந்தது பொமரேனியன். விக்டோரியா மகாராணி 1888-இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் வாங்கிய மார்க்கோ என்ற பொமரேனியன் ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ இருந்தது. அந்தக் காலத்துக்கு அதுவே சின்ன நாய். நாய் இனங்களுக்கு அளவுகோல் வகுக்கும் அமெரிக்கன் கென்னல் கிளப் இன்று பொமரேனியனுக்கு வகுத்திருக்கும் எடை 1.4 முதல் 3.2 கிலோ. நாய்களின் உருவ அளவைத் தீர்மானிப்பதில் ஐ.ஜி.எஃப்.1 என்ற மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு என்று 2007-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. சிறிய உருவத்துக்கான அதன் வடிவம் சுமார் 54,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓநாயிடமே இருந்தது என்பது 2022-இல் தெரியவந்தது. ஆக, சிறிய உருவத்துக்கான வித்து இயற்கையிலேயே இருந்தது. அதை இரண்டு கிலோ வரை இறக்கியது மனிதனின் தேர்வு.

அதன் விலையை முதலில் வாயில் பார்க்கலாம். பேருருவ நாயான கிரேட் டேனுக்கும் 42 பற்கள், பொமரேனியனுக்கும் 42. தாடைதான் குறுகிவிட்டது, தாடையோடு ஒப்பிட்டால் பற்கள் பெரியவை. நெருக்கியடித்து முளைக்கின்றன, சில பால்பற்கள் விழாமலே நின்றுவிடுகின்றன, இடுக்கில் காரை படிகிறது, ஈறு அழுகுகிறது. முற்றிய நிலையில் கீழ்த்தாடை எலும்பு கரைந்து, பல்லைப் பிடுங்கும்போதே முறியக்கூடும். நாய்க்கென்று உள்ள பற்பசையால் தினமும் துலக்கினால் பெருமளவு தடுக்கலாம். நாம் பயன்படுத்தும் பற்பசை கூடாது. சிலவற்றில் உள்ள சைலிட்டால் நாய்க்கு நஞ்சு. மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் தளர்வதும் இந்த இனத்தில் அடிக்கடி காணும் கோளாறு. அதனால் கழுத்துப் பட்டையில் கயிற்றை மாட்டி இழுக்காமல், மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸில் மாட்ட வேண்டும். முழங்கால் சில்லு விலகுவது மற்றொன்று. உடல் எடை கூடினால் அந்தக் காலுக்குப் பாரமும் கூடும். இரண்டு கிலோ நாய்க்கு 200 கிராம் ஏறினால், 60 கிலோ மனிதருக்கு ஆறு கிலோ ஏறியதற்குச் சமம். அதேவேளை குட்டியைப் பட்டினி போடவும் கூடாது. அதன் ஈரலில் சர்க்கரை இருப்பு மிகக் குறைவு. ஓரிரு வேளை சாப்பிடாவிட்டாலே துவண்டு, வலிப்பு வரக்கூடும். சிறு அளவாக, நாளைக்குப் பல முறை கொடுப்பதே சரி.

சின்ன நாய்கள்தானே அதிக காலம் வாழ்கின்றன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிரேட் டேன் பத்து வயதைத் தொடுவதே அரிது. பொமரேனியன் பதினைந்தை எட்டுவதுண்டு. ஆனால் நீண்ட ஆயுள் நோயற்ற ஆயுள் ஆகாது. மூன்று வயதில் கெட்ட ஈறோடு அது இன்னும் பத்தாண்டுக்கு மேல் வாழ வேண்டியிருக்கும்.

ஓயாமல் குரைப்பதும் கடிக்க வருவதும் இதன் பிறவிக்குணம் என்பது இன்னொரு வாதம். பரம்பரைக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வியன்னாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய் வளர்ப்போரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். சிறிய நாய்களை வளர்ப்பவர்கள் பயிற்சியில் குறைவாகவே ஈடுபட்டார்கள். ஒரே நடத்தைக்கு ஒருநாள் கண்டிப்பு, மறுநாள் செல்லம் என்று மாறி மாறி நடந்துகொண்டார்கள். அந்த நாய்களிடம் கீழ்ப்படிதல் குறைவாகவும் சீற்றம் அதிகமாகவும் இருந்தது. எது காரணம், எது விளைவு என்பதை ஒரு கருத்துக்கணிப்பு நிரூபித்துவிடாது. ஆனாலும் நம் கையில் இருப்பது வளர்ப்பு முறைதான். எந்நேரமும் இடுப்பில் சுமக்கப்படும் நாய் தெருவை மோந்து பார்ப்பதில்லை, மற்ற நாய்களோடு பழகுவதில்லை. எதைக் கண்டாலும் மிரளுகிறது, மிரண்டால் கடிக்கிறது. அதைத் தரையில் விடுங்கள், தினமும் நடத்திச் செல்லுங்கள். வீட்டைவிட்டுப் போகாத நாய்தானே என்று வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

‘டீகப் பொமரேனியன்’ என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். எந்தப் பெரிய கென்னல் கிளப்பும் அப்படி ஓர் இனத்தை ஏற்கவில்லை. மேலே சொன்ன கோளாறுகளுக்கான ஆபத்து இன்னும் சிறிய உடலில் இன்னும் கூடும். நாம் வாங்குவதால்தான் அப்படிப்பட்ட குட்டிகளை உண்டாக்குகிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள்.