தபாலில் வந்த பல்கலைக்கழகம்

மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எங்கள் கரையோரத்தின் எந்தப் பாடசாலைக்குப் போனாலும், "நான் ஓப்பனில் படிச்ச ஆள்" என்று சொல்லும் ஒரு சேரையோ டீச்சரையோ சந்திக்கலாம். பகலெல்லாம் பாடம் நடத்தி, வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்து உறங்க வைத்து, அதன் பிறகு ஒப்படை எழுதிப் பட்டம் எடுத்தவர்கள் அவர்கள். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமான அந்த 'ஓப்பன்' எப்படி உருவானது என்ற கதை நம் ஊர்களில் பலருக்குத் தெரியாது.

தூர இருந்து பட்டம் எடுப்பது இலங்கைக்குப் புதிதல்ல. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 இலேயே வெளிவாரித் தேர்வுகளைத் திறந்துவிட்டது. 1921 இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்களும் இலண்டன் தேர்வுகளையே எழுதினார்கள். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் பட்டம் உள்ளூர்ப் பட்டமானது. அப்போதும் இடங்கள் சொற்பம். உயர்தரம் படித்தும் வழியில்லாத இளைஞர்களின் கோபம் 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் வெடித்தது. அடுத்த ஆண்டே நாட்டின் பல்கலைக்கழகங்கள் ஒன்றாக்கப்பட்டன. வெளிவாரிப் பட்டங்களைக் கவனிக்க வெளிவாரிச் சேவைகள் முகவரகம் அமைந்தது. 1976 இல் கல்வி அமைச்சின் கீழ் இலங்கைத் தொலைக்கல்வி நிறுவனம் பிறந்தது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அதை 'ஸ்லைட்' என்பார்கள்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் பெரிதாக நினைக்கிறேன். வெளிவாரி முறையின் அடிப்படை தேர்வு. பாடத்திட்டம் கைக்கு வரும், தேர்வுத் திகதி வரும், நடுவில் மாணவர் தனியாள். ரியூசனுக்குப் போக வசதி உள்ளவர் கரை சேர்வார். ஸ்லைட் போன்ற நிறுவனத்தின் வேலை கற்பித்தல். தனியே படிப்பவருக்கென்றே பாடத்தை அச்சில் எழுதி அனுப்ப வேண்டும். அவர் எழுதும் ஒப்படையைத் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். வெறும் தேர்வு மண்டபத்தைத் திறந்துவிடுவதை விட ஆசிரியரையே தபாலில் அனுப்புவது பெரிய காரியம்.

அந்த நிறுவனம் பிறந்தபோது கல்வி அமைச்சராக இருந்தவர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். அவர் காலத்துப் பல்கலைக்கழக அனுமதிக் கொள்கை பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. யாழ்ப்பாணத்தில் அவர் பெயருக்கு உள்ள அர்த்தம் வேறு, எங்கள் ஊர்களில் வேறு. கல்முனையின் மஹ்மூத் மகளிர் கல்லூரி அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அனுமதி வாதம் பேசப்படும் அளவுக்கு, அதே அமைச்சின் கீழ் தோன்றிய தொலைக்கல்வி பேசப்படுவதில்லை. அது நியாயமில்லை.

1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ், 1980 இல் முகவரகமும் ஸ்லைட்டும் ஒன்றாகி இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் ஆயின. தலைமையகம் நுகேகொடை, நாவல. 1971 இல் முதல் மாணவர்களைச் சேர்த்த பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் அதற்கு முன்மாதிரி. உயர்தரம் சித்தியடையாதவர் அடிப்படைக் கற்கைநெறியில் தொடங்கி மேலே வரலாம் என்ற வாசலும் திறந்தது. பதினெட்டு, இருபது வயதில் திருமணமாகிப் படிப்பை நிறுத்திய எங்கள் பெண்களுக்கு அந்த வாசலின் பெறுமதி தெரியும்.

ஆனால் வாசல் வரை போகவும் வழி வேண்டுமே. எங்களுக்கு அருகிலிருக்கும் பிராந்திய நிலையம் மட்டக்களப்பில். கல்முனையிலிருந்து நாற்பது கிலோமீற்றர் அளவுதான். 1990 க்குப் பிறகு, போர்க்காலத்தில், அந்த வீதியில் பஸ் ஏறவே நெஞ்சு பதறிய காலம் ஒன்று இருந்தது. 2004 டிசம்பர் 26 இல் கடல் வீட்டுக்குள் வந்தபோது எங்கள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். இத்தனைக்கும் பிறகு மீண்டும் பேனை எடுத்தவர்களை வெறும் 'பகுதிநேர மாணவர்' என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்படித் தனியே படிப்பவர்களுக்குப் பாடம் எப்படி அமைய வேண்டும் என்று ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஜேர்மனியின் ஹாகன் நகரில் ஒரு தொலைக்கல்விப் பல்கலைக்கழகம் உண்டு. அது 1975 இலேயே தொலைக்கல்வியை ஆராய்வதற்கென்று தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. அதை நடத்திய சுவீடன் நாட்டவர் பொர்யே ஹொல்ம்பர்க், அச்சிட்ட பாடமும் ஓர் உரையாடலாக இருக்க வேண்டும் என்று வாதாடியவர். பக்கத்தில் இருந்து ஒருவர் பேசுவது போல் பாடம் அமைந்தால் மாணவர் விட்டுப் போகமாட்டார் என்பது அவர் கருத்து. இந்தியாவும் இந்திரா காந்தி தேசியத் திறந்த பல்கலைக்கழகத்துக்குள் 1993 இல் அப்படியொரு ஆய்வு நிறுவனத்தை அமைத்தது. நாவலயிலும் கல்வித் தொழில்நுட்பத்துக்கும் ஊடகத்துக்கும் ஒரு நிலையம் இயங்குகிறது.

நான் கேட்பது தமிழைப் பற்றி. எந்த நிறுவனத்தின் பாடநூலாகவும் இருக்கட்டும். ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் பெயர்த்த வசனம் வாசிப்பவரோடு பேசாது. ஒரே பந்தியை நாலு தடவை வாசித்தும் பிடிபடாதபோது, பிழை தன்னிடம்தான் என்று நினைத்துப் புத்தகத்தை மூடி வைத்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். பிழை அவர்களிடம் இல்லை. எந்த இடத்தில் அவர்கள் நின்றார்கள், எந்த வசனம் அவர்களைத் தள்ளிவிட்டது என்று இந்தக் கரையில் உட்கார்ந்து ஆராய வேண்டும். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கு வெளிவாரி மாணவர்களும் இருக்கிறார்கள். இந்த ஆய்வுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய ஓப்பன் பாடநூல்களும் புள்ளியிட்டுத் திரும்பி வந்த ஒப்படைகளும் இருக்கலாம். கோடு போட்ட வரி, ஓரத்தில் எழுதிய கேள்வி, பாதியில் நின்ற பக்கம் எல்லாம் அவற்றில் இருக்கும். பழைய பேப்பர்காரருக்கு நிறுத்துப் போடாதீர்கள். எடுத்து வையுங்கள். ஒலுவில் நூலகம் அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.