பழைய வண்டி வாங்கும் முன் எஞ்சின் சத்தத்தைக் கேளுங்கள்!



குழுக் கடன் வாங்கி பழைய கார், லோடு ஆட்டோ, "குட்டி யானை" வாங்கித் தொழில் செய்ய இப்போது நிறைய உறுப்பினர்கள் முன்வருகிறார்கள். பால் கேன், காய்கறி, நெசவுச் சேலை மூட்டை என்று ஏற்றிப் போக சொந்த வண்டி இருந்தால் வாடகை மிச்சம். ஆனால் வாங்கின மூணாம் மாசமே எஞ்சின் உட்கார்ந்துவிட்டால் வருமானம் நின்றுவிடும், தவணை நிற்காது. ஒருத்தர் தவணை தவறினால் குழுவுக்கே கெட்ட பெயர்.

"எஞ்சினைப் பத்தி பொம்பளைங்க நமக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்க வேண்டாம். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவர்கள் நாம். தறியில் ஒரு சத்தம் மாறினால் அடுப்படியில் இருந்தாலும் காது பிடித்துவிடும். எஞ்சினும் அப்படித்தான்.

எப்போது கேட்பது?

காலையில், வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்யும் முன்பே போய்விடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்னாடியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சில கோளாறுகளின் சத்தம் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் நன்றாகக் கேட்கும். அதனால் "இன்னொரு நாள் வருகிறோம்" என்று சொல்லிவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவு குறைந்திருந்தால் கவனம் தேவை. ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் கலக்கிறது, அந்த வண்டி வேண்டாம். ரேடியேட்டர் மூடியை சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது.

எந்தச் சத்தம் என்ன சொல்கிறது?

1. மேலே இருந்து "டிக் டிக்": டேப்பட் இடைவெளி கூடியிருக்கும், அல்லது ஆயில் குறைவு. பெரும்பாலும் சின்ன வேலை.

2. அடியில் இருந்து கனமான "டொக் டொக்", ஆக்சிலேட்டர் கொடுத்தால் கூடுவது: பேரிங் தேய்ந்திருக்கலாம். எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும். இதுதான் கடனை முழுங்கும் சத்தம்.

3. "கிரீச்" என்று கத்துவது: பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது பழசாகியிருக்கும். செலவு குறைவு.

4. "புஸ் புஸ்": சைலன்சர் பக்கம் புகை கசிகிறது.

5. கியர் போடாமல் நிற்கும்போது "கொர்" என்று கேட்டு, கிளட்ச் மிதித்தால் நின்றுபோவது: கியர் பாக்ஸ் பேரிங். கிளட்ச் மிதிக்கும்போது மட்டும் கேட்டால் கிளட்ச் பேரிங்.

நின்ற இடத்தில் ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் கேட்டால் அது எஞ்சின் பக்கத்துச் சத்தம். வண்டி உருளும்போது மட்டும் கேட்டால் சக்கரம், பிரேக் பக்கம் பாருங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். 2005-ல் வந்த முதல் குட்டி யானைக்கு இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். அது இயல்பாகவே தடதடக்கும். அதனால் நன்றாக ஓடுகிற அதே ரக வண்டி ஒன்றை முதலில் கேட்டுவிட்டு, பிறகு இதைக் கேளுங்கள்.

கிட்டே போய்க் கேட்கும்போது புடவைத் தலைப்பையும் பின்னலையும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். ஓடுகிற பெல்ட்டில் மாட்டினால் ஆபத்து.

புகையும் பேசும்

நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. சூடான பிறகும் விடாமல் வெள்ளைப் புகை வந்தால் தண்ணீர் கசிகிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். கரும்புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை.

பிறகு நாலு மூட்டை ஏற்றி, திருத்தணி மலைப்பாதை மாதிரி ஏற்றமான ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். காலி வண்டியில் ஒளிந்திருக்கும் சத்தம் பாரத்தில் வெளியே வரும்.

மெக்கானிக் நம்ம ஆளாக இருக்கட்டும்

புரோக்கர் கூட்டி வரும் மெக்கானிக் வேண்டாம். நமக்குத் தெரிந்தவருக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். என்ன வேலை, எவ்வளவு செலவு என்று எழுதி வாங்கி, அந்தத் தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள்.

காகிதமும் முக்கியம். நகரி, சித்தூர் பக்கத்து ஆந்திரா நம்பர் வண்டி மலிவாகக் கிடைக்கலாம். அங்கே பதிவு செய்த அலுவலகத்தின் தடையில்லாச் சான்று (படிவம் 28) இல்லாமல் இங்கே பதிவு மாற்ற முடியாது. இங்கே வரியும் கட்ட வேண்டும், அதையும் விலையோடு சேர்த்துக் கணக்கு போடுங்கள். பழைய கடன் ஆர்.சி.யில் இருந்தால் படிவம் 35 கொடுத்து நீக்கிய பிறகே பணம் கொடுங்கள். எஞ்சின் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிப் பேசுங்கள். வண்டிக் கடன் கேட்கும் உறுப்பினரோடு இன்னும் இரண்டு பேர் நேரில் போய்க் கேட்டு வந்த பிறகே தீர்மானம் எழுதுங்கள்.