தார் பாலைவனம்

தார் பாலைவனம் என்பது இந்தியாவின் வடமேற்குப் பகுதியிலும் பாகிஸ்தானின் கிழக்குப் பகுதியிலும் பரந்துள்ள ஒரு வெப்பப் பாலைவனம் ஆகும். இது பெரும் இந்தியப் பாலைவனம் எனவும் அழைக்கப்படுகிறது. இதன் பரப்பளவு சுமார் 2,00,000 சதுர கிலோமீட்டர். இதன் பெரும்பகுதி ராஜஸ்தான் மாநிலத்தில் அடங்கும். எஞ்சிய பகுதிகள் குஜராத், பஞ்சாப், ஹரியானா மாநிலங்களிலும், பாகிஸ்தானின் சிந்து, பஞ்சாப் மாகாணங்களிலும் உள்ளன. உலகின் பாலைவனங்களுள் மக்கள் அடர்த்தி மிகுந்தது இதுவே எனக் கருதப்படுகிறது. மணல்மேடுகளோடு புல்வெளிகள், முட்புதர்க் காடுகள், பாறை நிலங்கள், உவர் ஏரிகள் ஆகியனவும் இங்கு காணப்படுகின்றன.

புவியியல்

தார் பாலைவனத்தின் கிழக்கு எல்லையில் ஆரவல்லி மலைத்தொடரும், மேற்கில் சிந்து ஆற்றுச் சமவெளியும், வடக்கில் சத்லஜ் ஆற்றுச் சமவெளியும், தெற்கில் கட்ச் பெரும் உவர்நிலமும் அமைந்துள்ளன. கோடைக்காலத்தில் தென்மேற்கிலிருந்து வீசும் வலுவான காற்றே இங்குள்ள மணல்மேடுகளை உருவாக்கி நகர்த்துகிறது. நீள்வடிவ மேடுகள், பிறை வடிவ மேடுகள் எனப் பல வகைகள் உள்ளன. புதரும் புல்லும் வேரூன்றிய மேடுகள் நிலையாக நிற்கின்றன. மேய்ச்சல் மிகுந்து தாவரப் போர்வை அழிந்த இடங்களில் மணல் மீண்டும் நகரத் தொடங்குகிறது.

இப்பகுதியின் குறிப்பிடத்தக்க ஆறு லூனி ஆகும். ஆரவல்லி மலையில் அஜ்மீருக்கு அருகே தோன்றும் இவ்வாறு, மழைக்காலத்தில் மட்டுமே ஓடி, கடலை அடையாமல் கட்ச் உவர்நிலத்தில் முடிவடைகிறது. பலோத்ரா வரை நன்னீராக உள்ள இதன் நீர், அதற்குக் கீழே உவர்ப்பாக மாறுகிறது.

காலநிலை

ஆண்டு மழைப்பொழிவு மேற்கில் 100 மி.மீ அளவிலிருந்து கிழக்கில் 500 மி.மீ வரை வேறுபடுகிறது. இதன் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான சில நாட்களிலேயே பெய்துவிடுகிறது. ஓராண்டில் பெய்த மழை அடுத்த ஆண்டும் பெய்யும் என்பதற்கு உறுதி இல்லை. எனவே, சராசரி மழையளவைக் காட்டிலும் இந்த நிச்சயமின்மையே இங்குள்ள உயிரினங்களின் வாழ்வைத் தீர்மானிக்கிறது எனலாம்.

அரபிக்கடலுக்கு அருகிலிருந்தும் இங்கு மழை குறைவாக இருப்பதற்குப் பல காரணங்கள் உள்ளன. ஆரவல்லி மலைத்தொடர், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திசைக்கு ஏறத்தாழ இணையாக அமைந்துள்ளதால், காற்றைத் தடுத்து மேலெழச் செய்வதில்லை. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் காற்று, கங்கைச் சமவெளியைக் கடந்து இங்கு வரும்போது தனது ஈரத்தின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. மேலும், தரையை ஒட்டிய ஈரக்காற்றின் மீது, மேற்கிலிருந்து வரும் உலர்ந்த, வெப்பமான காற்று ஒரு மூடி போலப் படிந்து, மேகங்கள் உயர வளர்வதைத் தடுக்கிறது.

கோடையில் வெப்பநிலை 45 °செ-ஐயும் கடப்பது வழக்கம். 2016 மே 19 அன்று பலோடியில் 51 °செ பதிவானது. இக்காலத்தில் வீசும் கடும் வெப்பக்காற்று 'லூ' எனப்படுகிறது. குளிர்காலத்திலோ, சுரு போன்ற இடங்களில் இரவு வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே செல்வதுண்டு.

தாவரங்கள்

இப்பாலைவனத்தின் முதன்மையான மரம் கேஜ்ரி ஆகும். இது தமிழ்நாட்டில் சில சிவன் கோயில்களில் தல மரமாக விளங்கும் வன்னி மரமே. இதன் வேர்கள் மிக ஆழம் சென்று நீரை உறிஞ்சுவதால், கடும் கோடையிலும் இது புதிய இலைகளைத் துளிர்க்கிறது. அவ்விலைகள் ஆடு, ஒட்டகங்களுக்குத் தீவனமாகின்றன. காய்கள் மக்களுக்கு உணவாகின்றன. மரத்தைச் சுற்றி மண்வளம் பெருகுவதால், உழவர்கள் இதனை வயல்களிலேயே விட்டு வைக்கின்றனர். 1730 ஆம் ஆண்டில் ஜோத்பூருக்கு அருகிலுள்ள கேஜர்லி சிற்றூரில், அரண்மனைத் தேவைக்காக இம்மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து, அம்ரிதா தேவி உள்ளிட்ட 363 பிஷ்னோய் மக்கள் உயிர் நீத்தனர்.

எருக்கு, இலந்தை வகைகள், செவன் புல் ஆகியனவும் இங்கு வளர்கின்றன. அயலிலிருந்து கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம், இப்போது பல இடங்களில் உள்ளூர்த் தாவரங்களை நெருக்கிப் பரவியுள்ளது.

விலங்குகள்

சிங்காரா எனப்படும் சிறுமான், நெடுநாள் நீர் அருந்தாமல் தாவரங்களில் உள்ள ஈரத்தைக் கொண்டே வாழக்கூடியது. முள்வால் ஓணான் தாவரங்களை உண்டு, தானே தோண்டிய வளையில் வெப்பத்திலிருந்து ஒதுங்குகிறது. நரிகளுக்கும் வல்லூறுகளுக்கும் இது இரையாகிறது. வெளிமான், பாலைவன நரி, பாலைவனப் பூனை, ஓநாய், சுருட்டை விரியன் முதலியனவும் இங்கு வாழ்கின்றன. குளிர்காலத்தில் பலோடிக்கு அருகிலுள்ள கீச்சன் சிற்றூருக்கு ஆயிரக்கணக்கான கொக்குகள் வலசை வருகின்றன.

இப்பகுதியின் மிக அரிய பறவை கானமயில் ஆகும். முன்னர் தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல பகுதிகளில் காணப்பட்ட இப்பறவை, இன்று 150 அளவிலேயே எஞ்சியுள்ளதாகக் கணிக்கப்படுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை ஜெய்சால்மர் பகுதியில் உள்ளன. இது வழக்கமாக ஒரு முட்டையையே திறந்த தரையில் இடுவதால், இழப்பை ஈடுசெய்வது எளிதன்று.

மக்களும் நீரும்

இங்குள்ள மக்கள் மழைநீரை 'டாங்கா' எனும் நிலத்தடித் தொட்டிகளில் சேமித்தனர். 'கடீன்' எனும் மண்கரைகளால் வழிந்தோடும் நீரைத் தேக்கி, நிலம் ஈரமான பின் பயிரிட்டனர். 'ஓரண்' எனப்படும் தெய்வக் காடுகள், மரம் வெட்டப்படாத பொது மேய்ச்சல் நிலங்களாகக் காக்கப்பட்டன.

1958 இல் பணிகள் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி கால்வாய், சத்லஜ், பியாஸ் ஆறுகளின் நீரை ஹரிக்கே அணையிலிருந்து ஜெய்சால்மர் வரை கொண்டுவருகிறது. இதனால் குடிநீரும் வேளாண்மையும் பெருகின. அதேவேளை, நீர் இறங்காத கடின அடுக்குகள் மண்ணுக்கு அடியில் உள்ள இடங்களில் நீர் தேங்கி, உவர் மேலெழுந்து, நிலம் பாழானது.

அண்மைக்கால மாற்றங்கள்

வெயிலும் காற்றும் மிகுந்த இந்நிலம் இப்போது மின்னாற்றல் உற்பத்திக் களமாக மாறியுள்ளது. இங்குள்ள பட்லா சூரிய மின் பூங்காவின் திறன் 2,245 மெகாவாட் ஆகும். நிலக்கரிக்கு மாற்றான இம்மின்சாரம் நாட்டுக்குத் தேவையானதே. ஆயினும், முன்பக்கப் பார்வை குறுகிய, உடல் எடை மிகுந்த கானமயில், உயர் மின்கம்பிகளில் மோதி இறக்கிறது. 2021 இல் உச்ச நீதிமன்றம் கானமயில் வாழிடங்களில் மின்கம்பிகளை நிலத்தடியில் பதிக்க ஆணையிட்டது. 2024 இல் அவ்வாணையை மாற்றியமைத்து, வல்லுநர் குழு ஒன்றை நியமித்தது. அதே ஆண்டு அக்டோபரில், ஜெய்சால்மர் மாவட்ட இனப்பெருக்க மையத்தில், செயற்கைக் கருவூட்டல் மூலம் முதன்முறையாக ஒரு கானமயில் குஞ்சு பொரிந்தது. எனினும், மையத்தில் வளரும் பறவைகளைப் பின்னர் விடுவிக்கத் திறந்த புல்வெளி தேவை.

மேய்ச்சல் நிலங்களும் ஓரண்களும் பல இடங்களில் அரசுப் பதிவேடுகளில் தரிசு நிலம் என்றே குறிக்கப்பட்டுள்ளன. தரிசு எனப்படும் நிலத்தைப் பிற பயன்பாட்டுக்கு ஒதுக்குவது எளிது. எனவே, ஓரண்களைப் பதிவேட்டில் உரியவாறு சேர்க்குமாறு கோரியும், வன்னி மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்தும் ஜெய்சால்மர், பிகானேர் பகுதி மக்கள் போராடி வருகின்றனர்.