விற்ற உடுப்பைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்றால்?

இந்த வாரம் கணக்கு வழக்கை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குள் நடந்த ஒரு விடயத்தைச் சொல்கின்றேன். உங்களில் பலருக்கும் இது நடந்திருக்கும்.

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கையில் என் தங்கையின் மகள் இணையத்தில் ஓர் அபாயாவுக்கு ஓடர் கொடுத்தாள். விலை 6,850 ரூபா. தையல் கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அது. வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பியாயிற்று. பெருநாளுக்கு நான்கு நாள் இருக்கப் பார்சல் யாழ்ப்பாணம் வந்தது. அவள் கேட்டது 56 அங்குல நீளம். லேபலிலும் 56 என்றுதான் இருந்தது. அளவு நாடாவை வைத்துப் பார்த்தால் 52. கணுக்காலுக்கு மேலே நிற்கின்றது.

வட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். "திருப்பி அனுப்புங்கள், பணம் தருகின்றோம்" என்றார்கள். 450 ரூபா கொடுத்துக் கூரியரில் அனுப்பினாள். பத்து நாள் கழித்து வந்த பதில்: "உடுத்திய உடுப்பு, அத்தர் வாசம் வருகின்றது, பணம் தரமுடியாது. வேண்டுமானால் பாதி விலைக்கு வேறு பொருள் எடுங்கள்."

"மாமா, போட்டுப் பார்த்ததுதான், பத்து நிமிடம்கூட இல்லை" என்று அழுதாள். காசை விட, பொய்க்காரி ஆக்கிவிட்டார்களே என்பதுதான் பிள்ளைக்குப் பெரிய வேதனை.

நானும் உடுப்பு விற்பவன்தான். ஆகவே மற்றப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கலியாண வீட்டுக்கு உடுத்துவிட்டு மறுநாள் "நிறம் பிடிக்கவில்லை" என்று கொண்டுவருபவர்கள் இருக்கின்றார்கள். கழுத்துப் பட்டியில் பவுடர், கக்கத்தில் வேர்வைக் கறை, கீழ் ஓரத்தில் மண். கையில் எடுத்தவுடனேயே தெரிந்துவிடும். ஆனால் போட்டுப் பார்ப்பது வேறு, உடுத்திப் பாவிப்பது வேறு. கடையில் கண்ணாடி அறை வைத்திருப்பது எதற்கு? இணையத்தில் வாங்குபவருக்கு வீடுதான் அந்தக் கண்ணாடி அறை.

சட்டம் என்ன சொல்கின்றது? பலர் நினைப்பதுபோல இது நேற்று வந்த விடயம் அல்ல. 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. விவரணத்தை வைத்து விற்கப்படும் பொருள் அந்த விவரணத்துக்குப் பொருந்த வேண்டும் என்கின்றது. இணையக் கடையில் துணியைத் தொட்டுப் பார்த்து எவரும் வாங்குவதில்லை; படமும் அளவு அட்டவணையும்தான் விவரணம். முன்பு பார்க்காத பொருளைப் பரிசீலிக்க வாங்குபவருக்கு நியாயமான சந்தர்ப்பம் கிடைக்கும்வரை அவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதமுடியாது. இன்னொன்று எனக்கே புதிதாக இருந்தது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பொருந்தாத பொருளை வாங்கியவர் தன் செலவில் திருப்பி அனுப்பவேண்டும் என்ற கடப்பாடு இல்லை. "நான் ஏற்கவில்லை" என அறிவித்தாலே போதும். ஆனால் அறிவிக்காமல் அலுமாரியில் வைத்துக்கொண்டு காலம் கடத்தினால், ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

அடுத்தது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அதன் 13 ஆம் பிரிவு, வியாபாரி வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருள் பற்றி முறையிட இடமளிக்கின்றது. 56 என்று லேபல் தைத்துவிட்டால் அது உத்தரவாதம் இல்லாமல் வேறென்ன? விசாரணையில் தவறு உறுதியானால் நட்டஈடு கொடுக்கும்படியோ, பொருளை மாற்றிக் கொடுக்கும்படியோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படியோ அதிகார சபை உத்தரவிடலாம். 30 ஆம் பிரிவு பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையையே தடைசெய்கின்றது. வட்ஸ்அப் செய்தி சாட்சியாகுமா என்று கேட்பவர்களுக்கு: 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, ஒரு பதிவு இலத்திரனியல் வடிவில் இருக்கின்றது என்ற ஒரே காரணத்துக்காக அதன் சட்ட வலுவை மறுக்கமுடியாது. ஆகவே அழிக்காதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்கள் "14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம்" என்பார்கள். அது பிரித்தானியாவின் 2013 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி. அங்கும்கூட, கடையில் பார்ப்பதற்கு மேலாகப் பாவித்துப் பெறுமதியைக் குறைத்தால் விற்றவர் கழித்துக்கொள்ளலாம். நான் மேலே சொன்ன நம் நாட்டுச் சட்டங்களில் மனம் மாறியதற்காகத் திருப்பும் உரிமை இல்லை. கடை தானே வாக்குறுதி கொடுத்திருந்தால் மட்டும் கேட்கலாம். நம் மார்க்கத்திலும் இந்த வேறுபாடு உண்டு. குறையுள்ள பொருளைத் திருப்புவது வாங்கியவரின் உரிமை; மனம் மாறி வருந்துபவரிடம் பொருளைத் திருப்பி எடுப்பது, இகாலா என்பது, விற்றவர் செய்யும் நன்மை. உரிமையையும் நன்மையையும் குழப்பிக்கொண்டு கடைக்காரனோடு சண்டைக்குப் போகக்கூடாது.

மருமகளின் விடயத்தில் அதிர்ஷ்டவசமாக அளவு நாடாவோடு எடுத்த படமும், லேபலின் படமும், கூரியர் பற்றுச்சீட்டும் இருந்தன. வங்கிச் சிட்டையையும் எடுத்துக்கொண்டோம். கோபமாக எழுதாமல் ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். வாங்கிய திகதி, கட்டிய தொகை, விளம்பரத்தில் இருந்த அளவு, வந்த அளவு, குறை அறிவித்த திகதி. "உடுத்தியது என்கின்றீர்களே, கறையோ சேதமோ இருந்தால் பார்சலைப் பிரித்தபோது எடுத்த படத்தை அனுப்புங்கள். வாசம் இருந்தாலும் 52 அங்குலம் 56 ஆகாது" என்றும் ஒரு வரி சேர்த்தேன். ஏழு நாள் தவணை கொடுத்து, அதற்குப் பின் அதிகார சபைக்குப் போவோம் என்று முறைப்பாட்டின் பிரதியையும் வைத்தோம்.

ஆறாம் நாள் தொலைபேசி வந்தது. 6,850 ரூபாவும் கணக்குக்கு வந்து சேர்ந்தது. கூரியர்க் காசு 450 ஐத் தரமாட்டோம் என்றார்கள். அதையும் கேட்கலாம் என்றேன்; "போகட்டும் மாமா" என்றுவிட்டாள். பெருநாளுக்குப் போன வருடத்து அபாயாவைத்தான் உடுத்தினாள்.

கடிதத்துக்கு மசியாதவர்கள் இருந்தால், முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடவேண்டும். "இன்று தருகின்றோம், நாளை தருகின்றோம்" என்று இழுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். அதிகார சபையின் துரித இலக்கம் 1977. காட்டில் பணம் கட்டியவர்கள் உடனடியாகத் தங்கள் வங்கிக்கும் எழுதி அந்தக் கொடுப்பனவை ஆட்சேபிக்கலாம்; அதற்கும் கால எல்லை உண்டு. வாசலில் காசு கொடுத்து வாங்குபவர்கள் பார்சலைப் பிரிக்கும்போதே பிள்ளைகளில் ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். போட்டுப் பார்க்குமுன் அத்தர் பூசவேண்டாம், விலைச்சீட்டை அறுக்கவேண்டாம்.

இதையெல்லாம் எழுதிவிட்டு என் கடைப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். 1990 இல் இங்கிருந்து போன பிறகு புத்தளத்தில் சிறு கடை வைத்தபோது, பக்கத்துக் கடையின் சீட்டைப் பார்த்து அடித்த வாசகம் இன்னும் அடியில் இருக்கின்றது: விற்ற பொருட்கள் மீளப் பெறப்படமாட்டாது. மருமகளும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்கு புத்தகம் மிச்சம் இருக்கின்றது. அவை முடியும்வரை "குறையிருந்தால் ஏழு நாளுக்குள் கொண்டுவரவும்" என்று அடிக்க ஒரு றப்பர் முத்திரைக்குச் சொல்லியிருக்கின்றேன்.